புதிய பேட்டரி ஜெயிக்கலாம், அதன் பங்கு ஜெயிக்குமா? மின்கார் பேட்டரி முதலீட்டுக்கு ஓர் அறிமுகம்

2009 செப்டம்பரில் ஏ123 சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு பங்கு 13.50 டாலர் என்று நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்த தொழில்நுட்பம் அது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை, சுருக்கமாக எல்.எஃப்.பி.யை, மிக நுண்ணிய துகளாக்கிச் செய்த பேட்டரி. அமெரிக்க அரசு 24.9 கோடி டாலர் மானியம் ஒதுக்கியிருந்தது. முதல் நாளிலேயே பங்கு விலை சுமார் 50 சதவீதம் ஏறியது.

2012 மார்ச்சில், மிச்சிகன் மாநிலத்தின் லிவோனியா ஆலையில் ஒரு வெல்டிங் எந்திரம் சரியாக அளவமைக்கப்படவில்லை என்று தெரியவந்தது. ஃபிஸ்கர் கார்மா கார்களுக்குப் போன பேட்டரிகள் உட்பட, பழுதானவற்றை மாற்றித்தரச் சுமார் 5.5 கோடி டாலர் ஆகும் என்று நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் திவால் மனு. சொத்துகளின் பெரும்பகுதியைச் சீனாவின் வான்ஷியாங் குழுமம் 25.66 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

2024இல் உலகெங்கும் மின்கார்களில் ஏறிய பேட்டரிகளில் கிட்டத்தட்டப் பாதி எல்.எஃப்.பி. வகை. ஏ123 நம்பிய வேதியியல் சரியானதுதான். அதை நம்பிப் பணம் போட்டவர்கள்தான் தோற்றார்கள்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதுதான். பேட்டரியின் அடிப்படை அலகான செல் வேலை செய்கிறதா, அதை லட்சக்கணக்கில் பழுதில்லாமல் செய்ய முடியுமா, அந்த லாபம் நம் கையிலுள்ள பங்குக்கு வந்து சேருமா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு "ஆம்" என்று செய்தி வந்ததும் மற்ற இரண்டுக்கும் அதே பதில்தான் என்று எடுத்துக்கொள்வதால்தான் இங்கே பெரும்பாலான பணம் கரைகிறது.

எது புதிது?

லித்தியம் அயான் செல்லில், இரண்டு உலோகத் தகடுகளையும் சேர்த்து, ஆறு பொருள்களைத் தெரிந்துகொண்டால் போதும். அலுமினியத் தகட்டின்மேல் பூசிய கேத்தோடு, செம்புத் தகட்டின்மேல் பூசிய ஆனோடு, இரண்டுக்கும் நடுவே சுமார் 10 முதல் 20 மைக்ரான் தடிமனுள்ள நுண்துளைப் படலமான செப்பரேட்டர், இவற்றை நனைத்திருக்கும் எலக்ட்ரோலைட் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கேத்தோடிலிருந்து ஆனோடுக்குப் போகின்றன. கார் ஓடும்போது திரும்பி வருகின்றன. "புதிய பேட்டரி" என்று யார் சொன்னாலும், இந்த ஆறில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இருக்கும் ஆலைகளையே பயன்படுத்தலாம். மூன்றை மாற்றினால் ஆலையையும் எந்திரங்களையும் பொருள் வழங்குபவர்களையும் புதிதாக உருவாக்க வேண்டும். காலமும் செலவும் பல மடங்காகும்.

ஆனோடில் கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் சேர்ப்பது ஒரு வழி. கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லியாம்ப்-மணி மின்னேற்றம் தாங்கும். சிலிக்கான் ஏறத்தாழ அதைப்போல் பத்து மடங்கு. ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் துகள் சுமார் மூன்று மடங்கு உப்புகிறது. உப்பி உப்பிச் சுருங்கியதில் துகள் நொறுங்கி, செல் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால்தான் இப்போதைக்குக் கிராஃபைட்டோடு சிறிதளவு கலக்கிறார்கள். இருக்கும் ஆலையில் செய்யக்கூடிய மாற்றம் என்பது இதன் பலம்.

எல்லோரும் பேசுவது சாலிட் ஸ்டேட் பேட்டரியைப் பற்றி. எலக்ட்ரோலைட் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருளை வைப்பார்கள். அப்படிச் செய்தால் ஆனோடில் சுத்த லித்தியம் உலோகத்தையே பயன்படுத்த வழி பிறக்கும். அது ஒரு கிராமுக்கு 3,860 மில்லியாம்ப்-மணி. சிக்கல் என்னவென்றால், லித்தியம் படியும்போது ஊசி ஊசியாக வளரும். டென்ட்ரைட் எனப்படும் அந்த ஊசி எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் செல்லுக்குள் மின் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுவிடும். திடப்பொருளில் மூன்று குடும்பங்கள் உண்டு. மூன்றுக்கும் வெவ்வேறு தொல்லை. பீங்கான் வகை ஆக்ஸைடு எளிதில் விரிசல் விடும். சல்ஃபைடு வகை நன்றாக மின்கடத்தும். ஈரக்காற்று பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். பாலிமர் வகை செய்வதற்கு எளிது. ஆனால் சூடாக வைத்திருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். "சாலிட் ஸ்டேட் நிறுவனம்" என்று பொதுவாகச் சொல்பவரிடம் இந்த மூன்றில் எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாதவர் பேச்சைக் கேட்டுப் பணம் போடாதீர்கள்.

சோடியம் அயான் இன்னொரு திசை. லித்தியத்துக்குப் பதில் சோடியம். செம்புத் தகட்டுக்குப் பதில் இருபுறமும் மலிவான அலுமினியம். எடைக்கேற்ற ஆற்றல் குறைவு. சீனாவின் சி.ஏ.டி.எல். 2025 ஏப்ரலில் அறிவித்த சோடியம் செல் ஒரு கிலோவுக்கு 175 வாட்-மணி. குளிரில் நன்றாக இயங்கும், விலை குறைந்த கார்களுக்குப் பொருந்தும். இதன் வாழ்வும் தாழ்வும் லித்தியம் விலையைப் பொறுத்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நிறுவனத்தின் அறிவிப்பைப் படிக்கும் முறை

"15 நிமிடத்தில் சார்ஜ், 800 கி.மீ. ஓட்டம்" போன்ற தலைப்பு வந்தால் அதற்குள் விடுபட்டிருப்பதைத் தேட வேண்டும்.

ஒரு கிலோவுக்கு இத்தனை வாட்-மணி என்கிற எண் செல்லுக்கா, செல்களை அடுக்கிக் கட்டிய முழு பேக்குக்கா? பேக்கில் உறை, குளிரூட்டும் குழாய், கம்பி, கட்டுப்பாட்டு மின்சுற்று எல்லாம் சேரும்போது அந்த எண் கணிசமாகக் குறையும். எடையளவில் மட்டும் சொல்லிவிட்டு ஒரு லிட்டருக்கு எத்தனை என்று சொல்லாமல் விட்டால், செல் பருமனாக இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். காரில் இடமும் எடையைப்போலவே அருமையானது.

சார்ஜ் நேரம் எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை? பூஜ்யத்திலிருந்து நூறா, பத்திலிருந்து எண்பதா? எந்த வெப்பநிலையில்? அடிக்கடி அப்படி வேகமாக ஏற்றினால் எத்தனை முறை தாங்கும்? 80 சதவீதத் திறன் எஞ்சும்வரை 800 சுற்று (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) தாங்கும் செல், ஒரு சுற்றுக்கு 400 கி.மீ. ஓடும் காரில் 3,20,000 கி.மீ. வரும், அது தாராளம். அதே 800 சுற்று, மெதுவாக ஏற்றி இறக்கிய சோதனையில் கிடைத்ததென்றால் மதிப்பு பாதிதான்.

லித்தியம் உலோகச் செல்களில் வெளியழுத்தம் எவ்வளவு என்பது முக்கியம். ஆய்வகத்தில் இரும்புத் தட்டுகளுக்கு நடுவே திருகி இறுக்கிச் சோதிக்கலாம். காரில் அந்த இறுக்கத்தைத் தரக் கனமான சட்டம் வேண்டும். எடையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

கடைசியாக, எத்தனை அடுக்கு? நாணயம் அளவிலோ ஒற்றை அடுக்கிலோ வந்த முடிவுக்கும், இருபது முப்பது அடுக்குகள் கொண்ட கார் செல்லுக்கும் நடுவே பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. கார் நிறுவனங்கள் இதை ஏ, பி, சி என்று மாதிரிப் படிகளாகப் பிரித்திருக்கின்றன. ஏ மாதிரி, கருத்து சரியா என்று பார்க்க. பி மாதிரி, காரில் வைக்கப்போகும் வடிவத்துக்கு நெருக்கமானது. சி மாதிரி, உண்மையான உற்பத்தி எந்திரங்களில் செய்தது. சி மாதிரிக்குப் பிறகுதான் பெருமளவு உற்பத்தி. ஒரு நிறுவனம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் அதன் பங்கை வாங்கக்கூடாது.

குவாண்டம்ஸ்கேப் இதற்கு நல்ல பாடம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 2010இல் தொடங்கிய, ஃபோக்ஸ்வாகன் முதலீடு செய்த நிறுவனம். 2020 நவம்பரில் ஸ்பாக் எனப்படும் வெற்று நிறுவன இணைப்பு வழியாகச் சந்தைக்கு வந்தது. டிசம்பரில் ஒற்றை அடுக்குச் செல்லின் சோதனை முடிவுகளை வெளியிட்டது. அந்த மாதமே பங்கு 130 டாலரைத் தாண்டியது. வருமானமே இல்லாத நிறுவனம், சந்தை மதிப்பில் ஃபோர்டை முந்தியது. 24 அடுக்கு ஏ மாதிரி கார் நிறுவனங்களுக்குப் போனது 2022 டிசம்பரில். முதல் பி மாதிரி 2024இல். ஃபோக்ஸ்வாகனின் பேட்டரிப் பிரிவான பவர்கோ செய்த சோதனையில் ஏ மாதிரி 1,000 சுற்றுக்குமேல் ஓடியும் 95 சதவீதத் திறனைத் தக்கவைத்தது. ஆக, பொறியியல் வேலை முன்னேறிக்கொண்டேதான் இருந்தது. பங்கோ 2025 ஏப்ரலில் 4 டாலருக்கும் கீழே. உச்சத்தில் வாங்கியவர் 97 சதவீதம் இழந்திருப்பார், தொழில்நுட்பம் தோற்காமலேயே. எந்த நிறுவனத்தை வாங்குகிறோம் என்பதைப்போலவே எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதும் கேள்வி.

ஆலையில்தான் சோதனை

செல் செய்வது இப்படி. தூளையும் பசையையும் கரைப்பானில் குழைத்துக் கூழாக்க வேண்டும். அதை உலோகத் தகட்டில் ஒரே சீராகப் பூசி, நீண்ட அடுப்பில் உலர்த்தி, உருளைகளுக்கு இடையே அழுத்தி, வெட்டி, அடுக்க வேண்டும். முனைகளை வெல்டிங் செய்து, எலக்ட்ரோலைட் ஊற்றி, மூட வேண்டும். பிறகு முதல் சார்ஜ், அதன்பின் ஊறவைத்துக் கண்காணிப்பு. அடுக்கும் அறையில் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காற்று உலர்ந்திருக்க வேண்டும்.

முதல் சார்ஜும் கண்காணிப்புமான கடைசிப் படிக்கே சில நாள் முதல் சில வாரம்வரை பிடிக்கும். தொல்லையின் வேர் இங்கேதான். பூச்சு எந்திரத்தில் திங்கட்கிழமை நேர்ந்த தவறு சில வாரம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் லட்சக்கணக்கான செல் அதே தவறோடு வந்துவிட்டிருக்கும். சரிசெய்து, மறுபடி செய்து, மறுபடி காத்திருக்க வேண்டும். புதிய ஆலை ஒன்று நல்ல நிலைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆவது இதனால்தான்.

செய்த நூறில் எத்தனை விற்கத் தேறுகிறது என்பதைத்தான் தேறும் விகிதம் என்கிறோம். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோவாட்-மணிக்கு மூலப்பொருள் 50 டாலர் என்று வையுங்கள். 95 சதவீதம் தேறினால் நல்ல செல்லுக்கான மூலப்பொருள் செலவு 52.6 டாலர். 60 சதவீதம்தான் தேறினால் 83.3 டாலர். கூலி, மின்சாரம், கடன் வட்டி எல்லாம் இதற்குமேல். இந்த 30 டாலர் வித்தியாசம் லாபத்தை முழுக்கத் தின்றுவிடும். பழுது செல் வெளியே போய்விட்டால் இன்னும் மோசம். ஒரு காரில் 100 செல் இருந்து, பத்தாயிரத்தில் ஒரு செல் பழுதென்றால், நூறு காரில் ஒன்று பழுதாகும். எல்.ஜி. போன்ற பழுத்த நிறுவனமே செவ்ரோலெட் போல்ட் காருக்குச் செய்த செல்களில், ஆனோடு முனை கிழிவதும் செப்பரேட்டர் மடிவதும் சில செல்களில் ஒன்றாக நேர்ந்து தீப்பிடித்தன. 2021இல் சுமார் 1.4 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஆன செலவு சுமார் 200 கோடி டாலர்; அதில் 190 கோடிவரை எல்.ஜி. தலையில் விழுந்தது.

ஸ்வீடனின் நார்த்வோல்ட் புதிய வேதியியலுக்கு ஆசைப்பட்டு விழவில்லை. அதன் முதன்மைச் செல், உலகம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த, கேத்தோடில் நிக்கல் உள்ள லித்தியம் அயான் வகைதான். டெஸ்லாவில் இருந்து வந்த பீட்டர் கார்ல்சன் தலைமை, பங்காகவும் கடனாகவும் சுமார் 1,500 கோடி டாலர் திரட்டல், ஃபோக்ஸ்வாகனும் கோல்ட்மன் சாக்ஸும் பெரிய பங்குதாரர்கள். ஷெலெஃப்டியோ ஆலையில் உற்பத்தி திட்டமிட்டபடி வரவில்லை. 2024இல் பி.எம்.டபிள்யூ. 200 கோடி யூரோ ஆர்டரை ரத்துசெய்தது; 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவால். பெரிய பெயர்கள் பின்னால் நின்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இன்னொரு முறை படிக்கட்டும்.

ஆகவே காலாண்டு அறிக்கையில் "ஆலைத் திறன் 10 கிகாவாட்-மணி" என்ற வரியைவிட, அந்தக் காலாண்டில் எத்தனை மெகாவாட்-மணி விற்றார்கள் என்ற வரியைத் தேடுங்கள். 10 கிகாவாட்-மணி என்றால் 75 கிலோவாட்-மணி பேக்குகள் 1,33,000 வரும். விற்றது அதில் நூற்றில் ஒரு பங்கு என்றால், இருப்பது கட்டடம்தான், ஆலை இல்லை.

பணம் எப்படிக் கரைகிறது

வருமானம் வராத நிறுவனத்துக்கு இரண்டு எண்கள் உயிர்நாடி: கையிருப்பு ரொக்கம், ஆண்டுச் செலவு. 90 கோடி டாலர் இருந்து ஆண்டுக்கு 30 கோடி செலவானால் மூன்றாண்டு தாங்கும். உற்பத்தி ஐந்தாண்டு கழித்துத்தான் என்றால், நடுவில் புதிய பங்குகள் விற்றே ஆகவேண்டும். 10 கோடி பங்குகள் உள்ள நிறுவனம் மேலும் 2.5 கோடி வெளியிட்டால், உங்கள் பங்குகளின் எண்ணிக்கை மாறாது. நிறுவனத்தில் உங்கள் உரிமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். விலை சரிந்திருக்கும் நேரத்தில் விற்க நேர்ந்தால் இன்னும் அதிகம் வெளியிட வேண்டியிருக்கும். ஒவ்வோர் அறிக்கையிலும் மொத்தப் பங்கு எண்ணிக்கையைக் குறித்துவைத்துப் போன ஆண்டோடு ஒப்பிடுங்கள். இதைச் செய்யாதவர்களே அதிகம்.

குவாண்டம்ஸ்கேப் 2024 ஜூலையில் பவர்கோவுடன் வேறு வழியைத் தேர்ந்தது. தானே ஆலை கட்டாமல், ஆண்டுக்கு 40 கிகாவாட்-மணிவரை செய்ய உரிமம் கொடுப்பது. முதலீட்டுச் சுமை வாங்குபவரிடம் போகிறது. கிடைக்கும் பங்கும் சிறியது. எங்கள் கணிப்பில், சிறிய நிறுவனங்களுக்கு இது சொந்த ஆலைக் கனவைவிட நிதானமான பாதை.

எதிராளி நின்றுகொண்டு இருப்பதில்லை

புதிய பேட்டரி, இன்றைய பேட்டரியோடு போட்டியிடப் போவதில்லை. அது சந்தைக்கு வரும் ஆண்டின் பேட்டரியோடுதான் போட்டி. புளூம்பெர்க் என்.இ.எஃப். என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பில் பேக்கின் சராசரி விலை ஒரு கிலோவாட்-மணிக்கு 2023இல் 139 டாலராக இருந்து 2024இல் 115 ஆக இறங்கியது. "இன்றைய விலையைவிட 15 சதவீதம் மலிவு" என்று வாக்குக் கொடுத்தவர், ஒரே ஆண்டில் அந்த அனுகூலத்தை முழுக்க இழந்திருப்பார்.

லித்தியம் விலை அதைவிட முரட்டுத்தனமானது. சீனாவில் லித்தியம் கார்பனேட் 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியது. 2023 இறுதியில் சுமார் 1 லட்சம். ஒரு கிலோவாட்-மணிக்குத் தோராயமாக 0.6 கிலோ தேவை. 60 கிலோவாட்-மணி காரில் 36 கிலோ. உச்ச விலையில் அதற்கு 21,600 யுவான். சரிந்த விலையில் 3,600. உச்சத்தில் சோடியம் பேட்டரி பெரிய வரமாகத் தெரிந்தது. விலை விழுந்ததும் அந்தக் காரணம் பலவீனப்பட்டது. அமெரிக்காவின் நேட்ரான் எனர்ஜி, முக்கியமாகத் தரவு மையங்களுக்குச் சோடியம் பேட்டரி செய்த நிறுவனம். 2024 ஆகஸ்டில் வட கரோலினாவில் 140 கோடி டாலர் ஆலை அறிவித்தது. 2025 செப்டம்பரில் கதவை மூடியது. சோடியம் மீது நம்பிக்கை உள்ளவர் லித்தியம் விலையை மாதாமாதம் பார்க்க வேண்டும்.

எந்த வழியாகப் பணம் போடலாம்?

ஒற்றைத் தொழில்நுட்ப நிறுவனப் பங்கு வாங்குவது, நடுவில் எதுவும் இல்லாத பந்தயம். சி.ஏ.டி.எல்., பி.ஒய்.டி., எல்.ஜி. எனர்ஜி சொல்யூஷன் போன்ற பெரிய உற்பத்தியாளர்கள் பல வேதியியல்களையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பவர்கள். எது ஜெயித்தாலும் ஓரளவு பங்கு கிடைக்கும், பத்து மடங்கு கிடைக்காது. மூன்றாவது, ஒரு கூட்டுநிதியாகவே வாங்குவது. அமெரிக்காவில் 2010 முதல் உள்ள குளோபல் எக்ஸ் லித்தியம் அண்ட் பேட்டரி டெக் இ.டி.எஃப்.-இன் ஆண்டுக் கட்டணம் 0.75 சதவீதம். பெயரில் பேட்டரி இருந்தாலும் உள்ளே சுரங்க நிறுவனங்களும் உண்டு. லித்தியம் விலை விழும்போது அதுவும் விழும். வாங்குமுன் உள்ளிருக்கும் பங்குகளின் பட்டியலைப் பாருங்கள்.

இந்தியப் பங்குகளில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். செல் செய்வது வேறு. வெளியிலிருந்து வாங்கிய செல்லை அடுக்கிப் பேக் செய்வது வேறு. "பேட்டரி நிறுவனம்" என்று சொல்லிக்கொள்ளும் பலர் இரண்டாவது வகை. செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. ஒன்றிய அரசு 2021இல் 50 கிகாவாட்-மணி உள்நாட்டுச் செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தேர்வானவர்களில் ஒருவரான ஓலாவின் செல் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் இருக்கிறது. எக்ஸைடு பெங்களூருவிலும் அமர ராஜா தெலங்கானாவிலும் கட்டுகின்றன. ஈயபேட்டரியில் வரும் லாபம் அவற்றுக்குத் தாங்குகோல். ரிலையன்ஸ், பிரிட்டனின் சோடியம் நிறுவனமான ஃபாரடியனை 10 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக 2021 இறுதியில் அறிவித்தது. ஆனால் சோடியத்துக்காக ரிலையன்ஸ் பங்கு வாங்குபவர், உண்மையில் எண்ணெயும் ஜியோவும்தான் வாங்குகிறார். ஊக்கத்தொகை அறிவிப்பைப் பார்த்து வாங்க வேண்டாம். அது உற்பத்தியும் விற்பனையும் நடந்த பிறகு, அந்த அளவுக்கேற்பத் தரப்படுவது.

எவ்வளவு போடலாம்? ஒற்றைத் தொழில்நுட்ப நிறுவனத்தில், முழுவதும் போனாலும் குடும்பக் கணக்கு அசையாத தொகை மட்டும். ஒரே நாளில் வாங்காமல், நிறுவனம் மாதிரிப் படியைத் தாண்டும்போது ஒவ்வொரு பகுதியாக வாங்குவது நல்லது. உச்ச ஆரவாரத்தில் வாங்கும் ஆபத்து குறையும். முதல் ஏற்றத்தைத் தவறவிடலாம், பரவாயில்லை. எது நடந்தால் விற்பேன் என்பதை வாங்கும் அன்றே எழுதி வையுங்கள்: பி மாதிரி இரண்டு முறை தள்ளிப்போனால், முக்கிய வாடிக்கையாளர் விலகினால், கையிருப்பு 18 மாதத்துக்குக் கீழே போனால் என்பதுபோல.

வெளிநாட்டுப் பங்கு வாங்கும் இந்தியவாசி, தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரி பிடிக்கிறது; வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்பப் பெறலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குமுன் விற்றால் உங்கள் வருமான அடுக்கின்படி. அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், உரியவர் இறந்துபோகும்போது அங்கே வாரிசு வரி வரக்கூடும் என்பதையும் குடும்பத்தில் சொல்லிவையுங்கள். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்.ஏ. அட்டவணையை நிரப்ப வேண்டும். அதில் கேட்கப்படுவது ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையானது. புரோக்கர் தரும் அறிக்கையை அந்த ஆண்டுக்கணக்கில் கேட்டு வாங்குங்கள்.